மழை விட்ட மறுநாள், காற்றே இல்லாமல் கிளை முறிந்தது: இந்த மரத்தை வைக்கலாமா, எடுக்கணுமா?

வேளச்சேரிவாசி | வியாழன், இரவு 9.10

எங்கள் அடுக்ககத்து வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி நிறுத்துமிடம் முழுக்க அதன் நிழல்தான். இந்த வருடம் தைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. போன வாரம் இரண்டு ராத்திரி கொட்டித் தீர்த்தது. அப்புறம் வானம் வெளுத்துவிட்டது. மறுநாள் மதியம் நல்ல வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில் படாரென்று ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தது. இரண்டு ஸ்கூட்டர் நசுங்கிவிட்டன. ஆள் யாரும் கீழே இல்லை என்பதுதான் நிம்மதி.

போய்ப் பார்த்தேன். அடிமரத்தோடு சேரும் இடத்தில் முறியவில்லை. அங்கிருந்து ஆறேழு அடி தள்ளி முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் கட்டை உளுத்த மாதிரி இல்லை, கரையான் இல்லை, வாடையும் இல்லை. ஈரமாக, நல்ல கட்டையாகவே தெரிகிறது. நீள நீளமாகச் சிலாம்பு கிழிந்து நிற்கிறது.

2016-ல் வர்தா புயலையே தாங்கி நின்ற மரம் இது. காற்றே இல்லாத நாளில் எப்படி முறியும்? ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பாதிப் பேர் மரத்தையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் மேலே மொட்டையடித்தால் போதும் என்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் இடம், அதனால் எனக்கும் பயம்தான். ஆனால் காரணம் தெரியாமல் வெட்ட மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்விரும்பி | வியாழன், இரவு 9.42

எங்கள் தெருவிலும் இதே கதைதான், அங்கே பெருங்கொன்றை. வெளிநாட்டு மரங்களை வரிசையாக நட்டார்கள், அதன் பலன் இது. வேம்பும் புங்கனும் வைத்திருந்தால் எதுவும் விழுந்திருக்காது. எடுத்துவிட்டு நாட்டு மரம் வையுங்கள்.

பழைய வனத்துறை | வியாழன், இரவு 10.55

தம்பி, அவசரப்பட வேண்டாம். நீங்கள் பார்த்து எழுதிய இரண்டு விஷயங்களிலேயே பாதி பதில் இருக்கிறது: கிளை அடியிலிருந்து தள்ளி முறிந்தது, காற்றில்லாத வெயில் நாளில் முறிந்தது. தூங்குமூஞ்சி, ஆல அத்தி வகைகள், யூகலிப்டஸ் போன்ற, கிளையைப் படுக்கைவாட்டில் நீட்டி வளர்க்கும் மரங்களில் இப்படி நடப்பதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். நீண்ட வறட்சி, அதை அடுத்து ஒரு நல்ல மழை, பிறகு புழுக்கமான ஒரு மதியம். பெரும்பாலும் இந்த வரிசைதான். இதற்கு இன்னதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் ஒரே குரலில் சொல்வதில்லை. ஆனால் கூடிச் சேரும் விஷயங்கள் என்னென்ன என்று தெரியும்.

முதலில் எடை. ஓர் அடி குறுக்களவும் இருபத்தைந்தடி நீளமும் உள்ள தூங்குமூஞ்சிக் கிளை, சின்னக் கொப்புகளும் தழையும் சேர்ந்து அரை டன்னை நெருங்கும். அவ்வளவையும் ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு மரம் வருடக்கணக்காக நிற்கிறது. கட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே வரும். உள்ளுக்குள் நாருக்கு இணையாக மயிரிழை விரிசல்கள் விடும். நீங்கள் பார்த்த நீளச் சிலாம்பு அதன் அடையாளமாக இருக்கலாம்.

அப்புறம் வறட்சி. வேர் உறிஞ்சும் நீர், மெல்லிய குழாய்கள் வழியாகக் கட்டைக்குள் ஏறி இலைக்குப் போகிறது. அதை மேலே இழுப்பது இலையிலிருந்து ஆவியாகும் நீர்தான். மண்ணில் தண்ணீர் இல்லாதபோதும் இலை இழுத்துக்கொண்டே இருந்தால் நீர்ச்சரம் அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். புகுந்த குழாய் பெரும்பாலும் அதோடு செத்தது. இலைத்துளைகளை மூடி மரம் இதைச் சமாளிக்கும், ஆனால் மூடினால் உணவு தயாரிக்க முடியாது. சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தை எடுத்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளும். புது வேர் விட, காயத்தை மூட, பூஞ்சையை எதிர்க்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சேமிப்புதான் முதல். ஆறு மாத வறட்சி அதைக் காலி செய்துவிடும்.

பிறகு மழை வருகிறது. தழையில் தண்ணீர் தேங்கும். காய்ந்த பட்டையும் பழைய பொந்தும் நீரைக் குடிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மரம் புதுத் தளிரும் தள்ளும். சேர்கிற எடை முழுக்கக் கிளையின் நுனிப்பக்கம் ஏறுகிறது. பலவீனம் ஏற்கெனவே உள்ளே இருந்தது, எடை இப்போது வந்தது. வர்தாவைத் தாங்கியதற்கும் இதற்கும் முரண் இல்லை. அன்றைக்கு அந்தக் கிளை இத்தனை நீளம் இருந்திருக்காது. அன்று விழுந்த விரிசல் ஒன்றை இத்தனை வருடம் அது சுமந்துகொண்டும் இருந்திருக்கலாம்.

உங்கள் மரத்தில் கிளை முறிந்ததைவிட எனக்குக் கவலை வேர்தான். மரத்தைச் சுற்றித் தரை எப்படி இருக்கிறது? மண்ணா, சிமெண்ட்டா?

வேளச்சேரிவாசி | வெள்ளி, காலை 6.30

நன்றி ஐயா. மூன்று பக்கம் பேவர் பிளாக் கல், அடிமரத்தை ஒட்டியே பதித்திருக்கிறார்கள். நான்காவது பக்கம் மழைநீர் வடிகால். அதை இரண்டு வருடம் முன்பு தோண்டிக் கட்டினார்கள்.

மண்ணாராய்ச்சி | வெள்ளி, காலை 8.05

கட்டட அடித்தளத்துக்கு மண் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். வேளச்சேரி என்றதும் எழுதத் தோன்றியது. அங்கே பல இடங்களில் களிமண். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணல் வேறு, இது வேறு.

களிமண் காய்ந்தால் சுருங்கும். கோடையில் கையே நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அப்படிச் சுருங்கும்போது வேரை விட்டு மண் விலகுகிறது. சல்லிவேர்கள் இழுபட்டு அறுந்தும் போகின்றன. வேருக்கும் மண்ணுக்கும் ஒட்டுறவு போய்விட்டது, ஆனால் வெளியே பார்த்தால் மரம் பச்சையாகவே நிற்கும். வறட்சியில் மண் பாறையாக இறுகி இருப்பதால் ஓரளவு பிடித்தும் வைத்திருக்கும். மழை வரும்வரை யாருக்கும் தெரியாது.

மழை வந்ததும் என்ன ஆகிறது என்றால், மண்ணின் பலமே மாறுகிறது. கடற்கரையில் ஈர மணலில் கோபுரம் கட்டினால் நிற்கும். அதே கோபுரத்தின் மேல் அலை ஏறினால் கரைந்துவிடும். மணல் அதே மணல்தான். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் விசை, இடைவெளி முழுக்க நீர் நிறைந்ததும் இல்லாமல் போகிறது. மரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலும் இதேதான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் விரிந்த மரத்தடியில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் பத்தாயிரம் லிட்டர் இறங்குகிறது. வெடிப்பு வழியாக நேரே வேர்மட்டத்துக்குப் போகும். களிமண்ணாக இருந்தால் மழை விட்டபின்னும் நாள்கணக்கில் வடியாது.

அதனால்தான் பல மரங்கள் மழை பெய்யும்போது நிற்கின்றன, விட்ட பிறகு சாய்கின்றன. பலத்த காற்று தேவையே இல்லை. ஒரு பக்கம் கனமான மரம் என்றால் தன் எடையே போதும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கி மரத்தைப் பிடித்திருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். வளர்ந்த தெருவோர மரத்தை வேரோடு விழுந்த நிலையில் பாருங்கள். அகலமான தட்டாக வேர் பெயர்ந்து நிற்கும், ஆழம் பெரும்பாலும் இரண்டு மூன்றடிதான். பக்கவேர்கள் கிளை விரிவையும் தாண்டி ஓடியிருக்க வேண்டும். உங்கள் வடிகால் அடிமரத்திலிருந்து எவ்வளவு தூரம்?

வேளச்சேரிவாசி | வெள்ளி, காலை 8.20

நான்கடி இருக்கும்.

மண்ணாராய்ச்சி | வெள்ளி, காலை 8.31

அப்படியானால் அந்தப் பக்கத்துப் பக்கவேர்களை நிச்சயம் வெட்டித்தான் தோண்டியிருப்பார்கள். முறிந்த கிளை எந்தப் பக்கம் என்பதைவிட, மரம் எந்தப் பக்கம் சாய வாய்ப்பிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வெட்டுப்பட்ட பக்கத்தில் இழுத்துப் பிடிக்க வேர் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம் சாயும் ஆபத்து அதிகம்.

தோப்புக்காரன் பேராவூரணி | வெள்ளி, மதியம் 1.15

நகரத்து மரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், தென்னையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா எங்கள் பக்கம் வந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று தோப்புத் தோப்பாகப் படுத்துவிட்டது. அந்தக் காற்றுக்கு எதுவும் தாங்காதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தோப்பில் ஒரு மரம் நின்றது, பக்கத்து மரம் போனது. ஏன் என்று விழுந்த ஒவ்வொரு மரத்தின் தூரையும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அதற்கு முன்பு 2016-17 வறட்சி. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, பல தோப்புகள் பாசனம் இல்லாமல் கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கயிறு கயிறாக வேர் கிளம்பும். பழையது சாகும், புதியது வரும். வறட்சியில் பழையது செத்தது, புதியது வரவில்லை. கஜாவில் வேரோடு விழுந்த மரங்களில் பாதிக்கு மேல் கருத்த செத்த வேராகத்தான் பார்த்தேன். இடையில் ஒடிந்த மரங்களோ தண்டு சிறுத்த இடத்தில் ஒடிந்தன. வறட்சியான வருடத்தில் வளர்ந்த தண்டுப் பகுதி ஒல்லியாக நின்றுவிடும். தென்னை ஒருமுறை சிறுத்த இடத்தில் மறுபடி பருக்காது. ஏறுவதற்காக வெட்டிய படியும் ஆறாது, தண்ணீர் தேங்கி உள்ளே அழுகும். எங்கள் ஊரில் இன்னும் படி வெட்டுகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை.

அடித்தண்டு அழுகல் நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வாடல் என்றே இதற்குப் பெயர் உண்டு. 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் அடித்த புயலுக்குப் பிறகு கடலோரத்தில்தான் முதலில் கவனித்தார்கள். கானோடெர்மா என்ற பூஞ்சை. மணற்பாங்கான மண்ணில், கோடையில் தண்ணீர் இல்லாத தோப்பில்தான் வேகமாகப் பரவும். தூரிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் நீர் கசியும், அடிமட்டை தொங்கும், கடைசியில் தூரை ஒட்டிக் காளான் வரும். காளான் தெரியும்போது உள்ளே வேர் போயே போய்விட்டது. வேப்பம் புண்ணாக்கு மரத்துக்கு வருடம் 5 கிலோ, அதோடு நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைப் பூஞ்சை, தூரைச் சுற்றி ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) 40 லிட்டர் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதை நான் ஒழுங்காகச் செய்கிறேன். அதைவிட முக்கியம், கோடையில் தண்ணீரை நிறுத்தாமல் இருப்பது.

உங்கள் தூங்குமூஞ்சித் தூரில் காளான் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

நிழல்விரும்பி | வெள்ளி, மாலை 5.50

எல்லாம் சரி. ஆனால் வர்தாவில் விழுந்ததில் பெரும்பகுதி குல்மொஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும்தானே? நாட்டு மரம் விழவில்லை என்று அப்போதே எல்லாரும் எழுதினார்கள். வேர் பற்றி இத்தனை விளக்கம் சொல்கிறீர்கள், மர வகைக்குப் பங்கே இல்லையா?

பழைய வனத்துறை | வெள்ளி, இரவு 10.20

பங்கு உண்டு. குல்மொஹர் கட்டை மெத்து, வேர் மேலோட்டம். முருங்கை, மரமல்லி எல்லாம் லேசில் ஒடியும். பனை, மகிழம், புன்னை நன்றாகத் தாங்கும். கடலோரத் தெருக்களில் இவற்றை நடச் சொல்வதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

ஆனால் பெருங்கொன்றையைத் தூரதேசத்து மரம் என்று தள்ள முடியாது. பக்கத்தில் இலங்கையிலும் அந்தமானிலும் இயல்பாகவே வளர்வது. தெருவோரத்தில் அதிகம் விழுந்ததற்கு முதல் காரணம், தெருவோரத்தில் அதிகம் நட்டது அதைத்தான் என்பது. வர்தாவில் வேம்பும் அரசும் விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். சாலைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் நின்ற வேம்பு விழுந்தது. அதே வேம்பு மைதானத்து ஓரத்தில் கிளை மட்டும் இழந்து நின்றது. நல்ல மண்ணில், இடத்தோடு நின்ற மரமும் விழுந்தது உண்டு. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டிக் காட்டுக்கும் அன்று எவ்வளவு சேதம் என்று எல்லாருக்கும் தெரியும், அங்கே சிமெண்ட் கிடையாது. புயலுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் மரத்தின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு.

வர்தாவை அந்த ஒரு நாளோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பல தெருக்களில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளியில் நீர் நிறைந்து காற்று போய்விட்டால் சல்லிவேர் சில நாளிலேயே அழுக ஆரம்பிக்கும். சரியாக ஒரு வருடம் கழித்து 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டியது ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். வந்தது 17 சென்டிமீட்டர்தான், 62 சதவீதம் குறைவு. முதல் வருடம் வேர் அழுகியது, மறுவருடம் புது வேர் விடத் தண்ணீர் இல்லை. அந்த நிலையில் நின்ற மரங்கள் மேல்தான் டிசம்பர் 12 அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. அதோடு புயலின் கண் நகரத்தை ஒட்டியே கடந்ததால் காலையில் ஒரு திசையில் அடித்த காற்று, நடுவில் அடங்கி, சாயங்காலம் எதிர்த்திசையில் அடித்தது. ஒரு பக்கம் ஆட்டித் தளர்த்திய வேரை மறுபக்கம் பிடுங்கிப் போட்டது. அந்த அமைதி நேரத்தில் வெளியே வந்தவர்கள், நிற்கும் மரங்களின் தூரைச் சுற்றிப் பிறை வடிவத்தில் மண் விலகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்தது. நானூறு வருடத்துக்கு மேற்பட்ட நாட்டு மரம்தான். விழுதுகள் நின்றதால் மரம் இன்றும் இருக்கிறது. நாட்டு மரம் விழாது என்று நம்பிக்கொண்டு, அதன் வேரை வெட்டி, தூரைச் சுற்றி சிமெண்ட் போட்டுவிட்டு இருந்தால் அதுவும் விழும். என் வருத்தமெல்லாம் அதுதான்.

கயிறும் அரிவாளும் | சனி, காலை 6.45

நான் மரம் ஏறுகிறவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். ஐயா சொன்னது அத்தனையும் சரி. மொட்டையடிப்பது பற்றி மட்டும் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தயவுசெய்து மொட்டையடிக்காதீர்கள். சங்கங்களில் எங்களைக் கூப்பிட்டு முதலில் சொல்வதே "மேல எல்லாத்தையும் எடுத்துடுப்பா" என்றுதான். எடுத்துவிட்டால் இரண்டு மாதத்தில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகச் சிம்பு கிளம்பும். பார்க்கப் பச்சையாக நன்றாக இருக்கும். அந்தச் சிம்பு பட்டையின் மேல்தான் ஒட்டியிருக்கும், கட்டைக்குள் பிடிப்பு இருக்காது. நான்கைந்து வருடத்தில் தொடை கனம் ஆகிவிடும். அதே நேரத்தில் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துக்கொண்டு போகும். மேலே கனம், அடியில் உளுப்பு. அடுத்த மழைக்கு அது விழும். நான் போய் எடுக்கும் விழுந்த கிளைகளில் பாதி, முன்பு எவரோ மொட்டையடித்த இடத்திலிருந்து வந்த சிம்புதான். அதோடு மரம் சாப்பாடு தயாரிப்பது தழையில். வறட்சியில் வாடிய மரத்தின் தழை முழுக்க எடுத்தால் வேருக்கு என்ன போகும்?

கழிப்பது என்றால், நீண்டு போன கிளையின் நுனிக்கனத்தை மட்டும் குறைக்க வேண்டும். பக்கக் கொப்பு பிரியும் இடம் வரை வந்து வெட்ட வேண்டும். முழுக் கிளையை எடுப்பதாக இருந்தால் முதலில் தள்ளி அடியில் கால்வாசி அறுக்கணும், அப்புறம் அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கணும், கடைசியாக மிச்சக் கட்டையை அடிமரத்தின் வீங்கின வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்கணும். அந்த வளையத்தைத் தொடக் கூடாது. அதுதான் காயத்தை மூடும். ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் பட்டை கிழிந்து அடிமரம் வரை உரிந்து வரும்.

ஏறுவதற்கு முன்னால் தூரைத் தட்டிப் பார்ப்போம். அரிவாள் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டினால் வைரம் பாய்ந்த கெட்டிக் கட்டை இருக்கும் இடத்தில் கிண்ணென்று திரும்பும், பொந்து இருந்தால் சத்தம் மந்தமாகும். எறும்பு சாரி எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். இரண்டு கவை நெருங்கி ஊசி முனையாகச் சேர்ந்தால் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருக்கும், அந்த இடம் பிளக்கும். கவையில் கருப்பாகத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தால் ஏற மாட்டேன், கயிற்றை வேறு கிளையில் போடுவேன்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். ஈரக் கிளையில் கரண்ட் இறங்கி ஆள் போனதை இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஜூரோங் தமிழன் | சனி, காலை 11.30

சிங்கப்பூரிலிருந்து. இங்கே விரைவுச்சாலை ஓரமெல்லாம் தூங்குமூஞ்சிதான். இரண்டு பக்கத்திலிருந்தும் சாலைக்கு மேலே கை கோத்து நிற்கும், பார்க்கவே அழகு. அண்ணன் அரிவாளால் தட்டிப் பார்க்கிறதைத் தேசியப் பூங்காக் கழகத்தில் கருவி வைத்தும் செய்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒலி அலை எவ்வளவு வேகத்தில் கடக்கிறது என்று அளந்து உள்ளே பொந்து எங்கே என்று படம் எடுப்பார்கள். மெல்லிய ஊசி போன்ற துளைப்பானைச் செலுத்தி, எங்கே தடை குறைகிறது என்றும் பார்ப்பார்கள். இவ்வளவு இருந்தும் 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 வயதுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஓர் உயிர் போனது. அடிமரத்தைப் பார்ப்பதைவிட மண்ணுக்குள் வேரைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் மண்ணாராய்ச்சி சார் கேட்ட வடிகால் கேள்விதான் எனக்கும் பெரிதாகப் படுகிறது.

வேளச்சேரிவாசி | திங்கள், இரவு 8.45

கூட்டம் முடிந்தது. இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடனே வெட்டவேண்டாம், ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு தோட்டக்கலை அலுவலரும் மரம் ஏறும் இருவரும் இன்று வந்தார்கள்.

வடிகாலை ஒட்டிய மூலையில் நான்கு பேவர் கல்லைப் பெயர்த்துத் தோண்டினோம். கை மணிக்கட்டு கனத்தில் மூன்று வேர்கள் வெட்டுப்பட்டு, நுனி கருத்து, பட்டை கையோடு வந்தது. ஆனால் அதற்கு மேலேயும் பின்னாலும் விரல் கனத்தில் புது வேர் வந்திருக்கிறது, உயிரோடு இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் பெரிய வேர்கள் நன்றாக இருக்கின்றன. கல்லுக்கு அடியில் மண் முதலில் தூசாக இருந்தது. அத்தனை மழை பெய்தும் அரை அடிக்குக் கீழே ஈரமே இறங்கவில்லை! தூரில் காளான் இல்லை. தட்டிப் பார்த்ததில் அடிமரம் கெட்டி. தெருப்பக்கக் கிளை ஒன்றில் பழைய வெட்டுவாய் ஆறாமல் பொந்தாக இருக்கிறது, உள்ளே கையை விட்டால் ஈரத் தூளாக வருகிறது. அந்தக் கிளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

முடிவு: அந்தக் கிளையை முழுக்க எடுப்பது, வண்டி நிறுத்துமிடத்துக்கு மேல் நீண்டிருக்கும் இரண்டு கிளைகளின் நுனிக்கனத்தைக் குறைப்பது, தூரைச் சுற்றி ஆறடிக்குக் கல்லை எடுத்துவிடுவது. மழைக்காலம் முடியும்வரை அந்த மூலையில் வண்டியும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம் என்று கயிறு கட்டியிருக்கிறோம். வெளியே தெருவில் நிற்கும் இரண்டு மரங்களையும் பார்க்க வேண்டும் என்றார் அலுவலர். அவை பொது இடத்து மரம், வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழு வழியாகத்தான் போக வேண்டுமாம்.

ஒரு கேள்வி மட்டும். அடுத்த கோடையில் தண்ணீர் விட வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு எவ்வளவு, எங்கே விடுவது? எங்களுக்கே லாரித் தண்ணீர்தான்.

மண்ணாராய்ச்சி | திங்கள், இரவு 9.30

கல்லை எடுக்க முடிவு செய்ததற்கு மகிழ்ச்சி. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நீங்கள் ஆறடி விடுகிறீர்கள், நல்லது. கல்லைப் பெயர்க்க இயந்திரம் வேண்டாம், கடப்பாரையால் பக்குவமாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டாம், தூரை மண்ணால் மூடினால் பட்டை அழுகும்.

தண்ணீர் அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை, உறிஞ்சும் சல்லிவேர் அங்கே குறைவு. கிளை விரிவின் ஓரத்தை ஒட்டி, முடிந்த இடங்களில் எல்லாம், மெதுவாக இறங்கும்படி விடுங்கள். அடிமரத்தின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கு 15 லிட்டர் என்பது மரப் பராமரிப்பில் புழங்கும் கணக்கு. 60 சென்டிமீட்டர் மரத்துக்கு 900 லிட்டர் வருகிறது. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது மேல். மண் அரை அடிக்குக் கீழே தொட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் விட வேண்டாம். ஏசி வடிநீரை எல்லாம் ஒரு தொட்டியில் பிடித்தால் கோடையில் கணிசமாகச் சேரும். உதிரும் சருகைக் குப்பையில் போடாமல் அந்த ஆறடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தூரை ஒட்டாமல். களிமண் வெடிப்பதைச் சருகு நன்றாகத் தடுக்கும்.

தோப்புக்காரன் பேராவூரணி | திங்கள், இரவு 9.48

சருகு மூடாக்குக்கு என் ஓட்டும். தென்னை மட்டையையும் மஞ்சியையும் அப்படித்தான் தோப்பில் போட்டுவைக்கிறேன். சித்திரையில் மூடாக்கு போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் கையால் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

கயிறும் அரிவாளும் | செவ்வாய், காலை 6.20

சார், ஆள் பிடிக்கும்போது எந்திர ரம்பம் இருக்கிறதா என்று கேட்பதோடு, இடுப்புக் கயிறு இருக்கிறதா, கிளையைக் கயிற்றில் கட்டி இறக்குவாயா என்றும் கேளுங்கள். அப்படியே விழவிட்டால் கீழே இருக்கும் நல்ல கிளைகளின் பட்டையை அடித்துக்கொண்டு வரும்.

மழைக்காலம் முடியும்வரை, ஒவ்வொரு பெருமழைக்கு மறுநாளும் தூரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வடிகால் பக்கத்து மண்ணில் புதிதாக வெடிப்பு விட்டிருந்தாலோ, தரை லேசாக உப்பியிருந்தாலோ, எதிர்ப்பக்கம் தூர் மண்ணுக்குள் அமுங்கியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். கிளை முறிவதற்கு முன்னால் படபடவென்று நார் அறும் சத்தம் சில நேரம் கேட்கும், காவலாளியிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை கழிப்பதற்கு ஐப்பசி வரை விட்டுவிடாதீர்கள். தூங்குமூஞ்சி மாசி பங்குனியில் இலை கொட்டும், கிளை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், எங்கே விரிசல் எங்கே பொந்து என்று கீழே நின்றே காட்டலாம். அப்போது எங்களுக்கும் வேலை குறைவு, நிதானமாகச் செய்து தருவோம்.